சுவரில் ஒரு முகத்துவாரம்: பெர்லினும் உத்தப்புரமும்

(பழவேற்காடு ஏரிக்கரையில், சுண்ணாம்புக்குளத்தில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பழவேற்காடு ஏரியில் தொழில் செய்கிறவர்களுக்கு அடைப்பு என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தெற்கே ஏரியும் கடலும் கலக்கும் முகத்துவாரத்தில், கரையோரமாக நகர்ந்து வரும் மணல் குவிகிறது. கோடையில் ஏரித்தண்ணீர் குறைந்து இழுப்பு தளர்ந்தால் அந்த மணல் திட்டாக எழும்பி வாயை மூடிவிடும். கடலில் பிறக்கும் இறால் குஞ்சு வளர்வதற்காக ஏரிக்குள் வரும் வழி அதோடு நின்றுபோகும். உள்ளே தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறும், மீன் குறையும். கரையில் கடன் கூடும்.

அப்போது ஊர் கூடி மண்வெட்டியோடு முகத்துவாரத்துக்குப் போகிறது. திட்டு முழுவதையும் வாரி எடுப்பது மனிதக் கைக்கு ஆகிற காரியமல்ல. யாரும் அதற்கு முயல்வதும் இல்லை. குறுக்கே ஒரு குறுகிய கால் வெட்டுகிறார்கள். தண்ணீர் ஒருமுறை அதில் புகுந்துவிட்டால், அதுவே கரையைத் தின்று கொண்டு வழியை அகலப்படுத்தும். ஆனால் மறு ஆண்டும் மணல் வரும், மறு ஆண்டும் மண்வெட்டி வேண்டும்.

மணல் இயற்கையாகக் குவிவது. மனிதர்கள் திட்டமிட்டு, கூலி கொடுத்து, காவல் வைத்து எழுப்பிய இரண்டு அடைப்புகளைப் பற்றியது இந்த உரை. ஒன்று ஒரு நாட்டின் தலைநகரை இரண்டாக்கியது, மற்றொன்று மதுரை மாவட்டத்தின் ஒரு கிராமத்தை. பெர்லின் சுவர் திறக்கப்பட்டது 1989இல். உத்தப்புரத்தில் சுவர் எழுப்பப்பட்டதும் அதே 1989இல்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஒரு வேலி

இரண்டாம் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் என நான்கு வல்லரசுகள் பகுதி பகுதியாக ஆண்டன. 1949இல் அது இரண்டு நாடுகளானது. தலைநகர் பெர்லின் கிழக்கு ஜெர்மனியின் நடுவில் இருந்தும், அதன் மேற்குப் பாதி மேற்கத்திய நாடுகளின் பொறுப்பில் நின்றது. கிழக்கின் கெடுபிடி பிடிக்காதவர்கள் நகரத்து ரயிலில் ஏறி மேற்குப் பாதியில் இறங்கினால் போதும், வேறு நாட்டுக்கு வந்துவிட்டார்கள். 1949க்கும் 1961க்கும் இடையில் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படிக் கிழக்கை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் மருத்துவர்களும் பொறியாளர்களும் ஆசிரியர்களும் இளந்தொழிலாளர்களும் இருந்தார்கள்.

1961 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. ஊர் உறங்கிக்கொண்டிருந்தபோது கிழக்கு ஜெர்மனிப் படையினர் எல்லை நெடுக முள்கம்பி இழுத்தார்கள். விடிந்தபோது தெருக்கள் பாதியில் முடிந்திருந்தன. பெர்னாவர் தெருவில் வீடுகள் கிழக்கில் இருந்தன, அவற்றின் வாசலுக்கு எதிரே இருந்த நடைபாதை மேற்கில் இருந்தது. வாசற்கதவுகளை அடைத்ததும் மக்கள் மாடி ஜன்னல்களிலிருந்து குதிக்கத் தொடங்கினார்கள். முதல் உயிரிழப்பு அங்கேதான் நிகழ்ந்தது. ஆகஸ்ட் 22 அன்று ஈடா சீக்மான் என்ற பெண் மூன்றாம் மாடியிலிருந்து குதித்து இறந்தார்.

முள்கம்பி பின்னர் கான்கிரீட் ஆனது. கடைசியில் மேற்கு பெர்லினைச் சுற்றி சுமார் 155 கிலோமீட்டர் நீளத்துக்கு அரண் வளைந்து நின்றது. நடுவில் மணல் பரப்பிய வெற்று நிலம், விளக்குகள், நாய்கள், 300க்கும் மேற்பட்ட காவல் கோபுரங்கள். 1962 ஆகஸ்ட் 17 அன்று தாண்ட முயன்ற பதினெட்டு வயது பீட்டர் ஃபெக்டர் குண்டடிபட்டு, இரு பக்கத்தாரும் பார்த்திருக்க, சுவரடியில் இரத்தம் வடிந்து இறந்தான். சுவரில் உயிர்விட்டவர்கள் குறைந்தது 140 பேர் என்று பின்னாளைய ஆய்வு கணக்கிட்டது. கடைசியாகச் சுட்டுக் கொல்லப்பட்ட கிறிஸ் குவெஃப்ராய்க்கு வயது இருபது. அது நடந்தது 1989 பிப்ரவரியில். இன்னும் ஒன்பது மாதம் பொறுத்திருந்தால் அவன் அதே இடத்தை நடந்தே கடந்திருப்பான்.

இந்தச் சுவருக்குக் கிழக்கு ஜெர்மனி அரசு வைத்த பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும்: பாசிச எதிர்ப்புப் பாதுகாப்பு அரண். பாதுகாப்பு என்ற அந்தச் சொல் உத்தப்புரத்திலும் வரும்.

ஒரு துண்டுச் சீட்டும் ஒரு காவல் அதிகாரியும்

1989 நவம்பர் 9 இரவு திடீரென்று வந்துவிடவில்லை. அந்த ஆண்டு மே மாதமே ஹங்கேரி, ஆஸ்திரிய எல்லையிலிருந்த தன் வேலியை அகற்றத் தொடங்கியது. ஆகஸ்ட் 19 அன்று அங்கே சோப்ரான் நகரத்தருகே நடந்த ஒன்றுகூடலின்போது எல்லைக் கதவு சிறிது நேரம் திறந்தது. அந்த இடைவெளியில் 600க்கும் அதிகமான கிழக்கு ஜெர்மானியர்கள் ஆஸ்திரியாவுக்குள் ஓடினார்கள். செப்டம்பர் 11 முதல் ஹங்கேரி எல்லையையே திறந்துவிட்டது. தப்பிப் போக மனமில்லாதவர்கள் ஊரிலேயே தெருவுக்கு வந்தார்கள். லைப்சிக் நகரத்தில் திங்கள்தோறும் தேவாலயப் பிரார்த்தனை முடிந்து ஊர்வலம் புறப்பட்டது. அக்டோபர் 9 அன்று சுமார் எழுபதாயிரம் பேர் நடந்தார்கள். ஆயுதத்தோடு காத்திருந்த படை சுடவில்லை. மக்களின் பெயரால் ஆள்வதாகச் சொன்ன அரசின் காது கேட்க அவர்கள் எழுப்பிய முழக்கம், மக்கள் என்பது நாங்கள்தான் என்பது.

நெருக்கடி தாளாமல் அரசு வெளிநாட்டுப் பயண விதிகளைத் தளர்த்த முடிவு செய்தது. முறையாக விண்ணப்பித்து அனுமதி பெற்றுப் போகலாம், அதுவும் மறுநாளிலிருந்து என்பதே ஏற்பாடு. நவம்பர் 9 மாலை அந்தச் செய்தி எழுதிய தாளோடு செய்தியாளர்கள் முன் வந்தவர் ஆளுங்கட்சியின் குந்தர் ஷபோவ்ஸ்கி. முடிவெடுத்த கூட்டத்தில் அவர் முழுமையாக இருந்திருக்கவில்லை. எப்போது நடைமுறைக்கு வரும் என்று கேட்டபோது தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்தவரை உடனடியாக, தாமதமின்றி என்றார். அப்போது மணி ஏழு ஆகவில்லை. தொலைக்காட்சிகள் எல்லை திறந்துவிட்டதாக அறிவிக்க, பெர்லின்வாசிகள் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு சோதனைச் சாவடிகளுக்குக் கிளம்பினார்கள்.

போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் அன்றிரவு பொறுப்பில் இருந்தவர் ஹரால்ட் யேகர். கூட்டம் நூறாகி, ஆயிரமாகி, மேலும் பெருகியது. அவர் மேலிடத்துக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் பேசினார். தெளிவான பதில் இல்லை. அதிகம் சத்தம் போடுகிறவர்களை மட்டும் வெளியே விடுங்கள், ஆனால் அவர்கள் திரும்ப முடியாதபடி அடையாள அட்டையில் படத்தின் மேலேயே முத்திரை குத்துங்கள் என்று ஒரு யோசனை வந்தது. அப்படிப் போன சில இளம் பெற்றோர் சற்று நேரத்தில் திரும்பி வந்து, வீட்டில் பிள்ளைகள் தூங்குகிறார்கள், எங்களை உள்ளே விடுங்கள் என்று மன்றாடினார்கள். யேகர் அவர்களை உள்ளே விட்டார். இரவு பதினொன்றரை மணியளவில், மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லாமலே, தடுப்பைத் தூக்கச் சொன்னார்.

பெர்லின் சுவர் விழுந்தது என்று சொல்லும்போது கண்முன் வருவது சுத்தியலோடு சுவர்மேல் நிற்கும் இளைஞர்கள். உண்மையில் அந்த இரவு இடிந்தது மிகக் கொஞ்சம். ஒரு சாவடி திறந்தது, பிறகு மற்றவை திறந்தன. கான்கிரீட்டைப் பெயர்த்து எடுக்கும் வேலை 1990 முழுவதும் நடந்தது. மணல்திட்டில் வெட்டிய கால் போல ஒரு வாய் திறந்ததும், இருபத்தெட்டு ஆண்டு அடைபட்டிருந்த மக்கள் வெள்ளம் அதை அகலமாக்கிக்கொண்டது.

அதே ஆண்டு, எழுமலைக்கு அருகே

உத்தப்புரம் மதுரை மாவட்டத்துப் பேரையூர் வட்டத்தில், எழுமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைமார் உள்ளிட்ட சாதி இந்துக்களும் தலித் மக்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் ஊர். 1948இலும் 1964இலும் அங்கே மோதல்கள் நடந்தன. 1989இல் மூண்ட மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அதையடுத்து சாதி இந்துக்கள் தங்கள் பகுதிக்கும் தலித் குடியிருப்புக்கும் இடையே சுமார் 600 மீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். மீண்டும் கலவரம் வராமல் இருக்க, எங்கள் பாதுகாப்புக்காக என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

பெர்லினில் சுவர் கட்டியவர்கள் தங்கள் மக்களையே உள்ளே அடைத்தார்கள். உத்தப்புரத்தில் கட்டியவர்கள் அடுத்த தெருக்காரரை வெளியே நிறுத்தினார்கள். அங்கே துப்பாக்கி தேவைப்பட்டது. இங்கே பெரும்பாலும் பழக்கமே காவல் நின்றது. சுவரால் தலித் மக்களுக்குப் பொதுப் பாதை மறிக்கப்பட்டது, பிரதான சாலைக்குப் போகச் சுற்றி நடக்க வேண்டியிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை கட்டுவதற்கும் எதிர்ப்பு. முத்தாலம்மன் மாரியம்மன் கோயிலுக்குள் போவதற்கும், அரசமரத்தை வழிபடுவதற்கும் தடை.

தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்தது 1950இல். இதே மதுரையில், மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாதய்யர் கக்கன் உள்ளிட்ட தலித் தோழர்களை அழைத்துச் சென்றது அதற்கும் முன்பே, 1939 ஜூலை 8 அன்று. அதற்கு ஐம்பது ஆண்டு கழித்து, அதே மாவட்டத்தில் இந்தச் சுவர் எழுந்தது. எழுந்த பிறகும் பத்தொன்பது ஆண்டு அது வெளியுலகத்துக்குச் செய்தியாகவில்லை. பெர்லினில் சுவர்த்துண்டை நினைவுப்பொருளாக விற்ற காலமெல்லாம் உத்தப்புரத்துச் சுவர் அசையாமல் நின்றது.

பதினைந்து அடி

2008இன் தொடக்கத்தில் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி மதுரை வட்டாரக் கிராமங்களில் தீண்டாமைக் கொடுமைகளைக் கள ஆய்வு செய்தபோது உத்தப்புரம் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஏப்ரலில் இன்னொரு செய்தி நாளிதழில் வெளியானது: சுவரைத் தாண்டி யாரும் வராமல் இருக்க அதன் மேல் கம்பி இழுத்து மின்சாரம் பாய்ச்சியிருந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியினர் விஷயத்தைச் சட்டமன்றத்தில் எழுப்பினார்கள். மின்கம்பி அகற்றப்பட்டது, சுவர் அப்படியே நின்றது. போராட்டம் வலுத்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் பிரகாஷ் காரத் நேரில் வருவார் என்ற அறிவிப்பும் வந்தது.

அவர் வருவதற்கு முந்தைய நாள், 2008 மே 6 அன்று, பலத்த போலீஸ் காவலோடு மாவட்ட நிர்வாகம் சுவரில் ஒரு பகுதியை இடித்தது. இடிந்தது சுமார் பதினைந்து அடி. 600 மீட்டரில் பதினைந்து அடி என்பது நாற்பது அடிச் சுவரில் நாலு அங்குலத்துக்கும் குறைவு. ஆனாலும் பொதுப் பாதை திறந்தது. கிராமத்துத் தலித் மக்கள் அந்த இடைவெளி வழியே நடந்து போனார்கள்.

பெர்லினைப் போல இங்கே ஊரே கட்டித் தழுவிக் கொண்டாடவில்லை. சாதி இந்துக் குடும்பங்கள் பல, குடும்ப அட்டைகளை அரசிடம் ஒப்படைத்துவிட்டு ஊரைக் காலி செய்து மலையடிவாரத்தில் போய்த் தங்கின. சமாதானப் பேச்சுக்குப் பிறகு திரும்பி வந்தாலும் மனம் ஆறவில்லை. அக்டோபரில் மோதல் வெடித்தது. நவம்பரில் அந்த வட்டாரத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் தலித் இளைஞர் ஒருவர் இறந்தார். வழக்குகள் இரு தரப்பையும் நீதிமன்றப் படி ஏற வைத்தன.

விழுந்த பிறகு

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் சுவர் விழும் நாளோடு அத்தியாயத்தை முடித்துவிடுகின்றன. அதற்குப் பின் நடந்ததே ஒரு நாட்டையும் ஓர் ஊரையும் எடை போட உதவும்.

ஜெர்மனி வேகமாக நடந்தது. 1990 மார்ச் 18 அன்று கிழக்கில் முதல் சுதந்திரத் தேர்தல், ஜூலை 1 அன்று ஒரே நாணயம், அக்டோபர் 3 அன்று ஒரே நாடு. ரகசியப் போலீஸான ஸ்டாசி சேர்த்து வைத்த கோப்புகளை, வேவு பார்க்கப்பட்டவர்களே 1992 ஜனவரி முதல் வாசிக்கச் சட்டம் வழி செய்தது. பக்கத்து வீட்டுக்காரரும் நண்பரும் தகவல் கொடுத்திருந்ததை அந்தத் தாள்களில் படித்தவர்கள் உண்டு. கசப்பான வாசிப்புதான், ஆனாலும் நாடு அதை மறைக்கவில்லை. கிழக்குக்கு ஏராளமான பணமும் போனது. அப்படியும் அங்கே தொழிற்சாலைகள் மூடின, லட்சக்கணக்கானோர் வேலையிழந்தார்கள், சராசரி ஊதியம் இன்றும் மேற்கைவிடக் குறைவு. தலைக்குள் இருக்கும் சுவர் என்ற சொற்றொடர் ஜெர்மன் மொழியில் வழக்காகிவிட்டது. 2018 பிப்ரவரியில் சுவர் இல்லாத நாட்களின் எண்ணிக்கை சுவர் நின்ற நாட்களின் எண்ணிக்கையை எட்டியபோது, அந்நாட்டார் அதைக் கணக்கிட்டுப் பேசினார்கள். நகரத்தின் நடுவில் சுவர் ஓடிய தடத்தில் இரட்டை வரிசைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். அதைக் கடந்து குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள்.

உத்தப்புரம் மெதுவாக நடந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2011 அக்டோபரில், மதுரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த அஸ்ரா கார்க் முன்னிலையில் இரு தரப்பினரும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். நிழற்குடை, பொதுப்பாதை, கோயில் வழிபாடு, வழக்குகள் என்று ஒவ்வொன்றாகப் பேசித் தீர்த்த உடன்படிக்கை அது. 2011 நவம்பர் 10 அன்று தலித் மக்கள் முத்தாலம்மன் மாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டார்கள். சாதி இந்துக்களில் பெரியவர்கள் அவர்களை வரவேற்றார்கள். பெர்லின்வாசிகள் சுவரின் மறுபக்கத்தில் கண்விழித்த காலைக்குச் சரியாக இருபத்திரண்டு ஆண்டு கழித்து நடந்தது இது. கோயிலுக்குள் அவர்கள் வைத்த அந்தச் சில அடிகள், பதினைந்தடி இடைவெளியைவிட நீண்ட பயணம்.

தமிழ்நாட்டில் சுவர்கள் அதோடு தீர்ந்துவிடவும் இல்லை. 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், கனமழையில் ஊறிய ஓர் உயரமான சுற்றுச்சுவர் பக்கத்திலிருந்த அருந்ததியர் குடியிருப்பின் மேல் சரிந்தது. உறக்கத்திலேயே பதினேழு பேர் மாண்டார்கள். அந்தச் சுவரைப் பற்றி அங்கிருந்தவர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். தீண்டாமைச் சுவர் என்று போராட்டக்காரர்கள் அதை அழைத்தார்கள். உயிரைக் குடிப்பதற்குச் சுவருக்குக் காவல் கோபுரமோ மின்கம்பியோ வேண்டியதில்லை. முறையீட்டை யாரும் காதில் வாங்காமல் இருந்தாலே போதும்.

ஏரிக்குள் ஓடும் கோடுகள்

இந்த ஏரியில் யாரும் சுவர் கட்டவில்லை. ஆனால் கோடுகள் இருக்கின்றன. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது ஏரியின் பெரும் பகுதி அந்தப் பக்கம் போனது. மாநில எல்லை தண்ணீரின் குறுக்கே ஓடுகிறது. மடவை மீனுக்கு அது தெரியாது; மீனவருக்குத் தெரியும். அந்தக் கோட்டை முன்னிட்டு இரு மாநில மீனவர்களிடையே தகராறுகள் பலமுறை எழுந்திருக்கின்றன. வடக்கே சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியை ஊடறுத்துப் போகும் சாலைக்கரை தண்ணீரின் போக்கையும் தடுக்கிறது.

இவற்றைவிட நுட்பமான ஒரு கோடும் உண்டு. எந்த ஊர், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பகிரும் பாடு முறை இந்த ஏரியின் பெருமை. ஒருவரே நல்ல இடத்தை வளைத்துக்கொள்ளாமல், அடிதடி இல்லாமல் தலைமுறைகளாக அது தொழிலைக் காத்தது. ஏட்டில் எழுதாமலே நின்ற அந்த நீதியைக் கடல்வள அறிஞர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து படித்துப் போயிருக்கிறார்கள். ஆனால் பாடு முறையில் உரிமை பட்டினவர் சமூகத்தின் ஊர்களுக்கு உரியது. பின்னாளில் ஏரியை நம்பி இறங்கிய தலித் மக்களுக்கு அதில் முறை கிடையாது. உரசல்கள் அதனால் வந்தன. இருளர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஏரியில் மீன் குறையக் குறைய, இருப்பதைக் காத்துக்கொள்ளும் கை இறுகுவது இயல்பு. உத்தப்புரத்துச் சுவரும் அச்சத்தில்தான் எழுந்தது, பெர்லின் சுவரும் அச்சத்தில்தான் எழுந்தது.

ஆகவே இந்த உரை இந்த அவையின் முன் ஒரு கோரிக்கை வைக்கிறது. முகத்துவாரத்தை வெட்டப் போகும் நாளில் எந்த ஊர்க்காரர் என்று தண்ணீர் கேட்பதில்லை. திறந்த வாய் வழியே வரும் இறால் பாடு முறை வலைக்கும் வருகிறது, இருளப் பெண்ணின் கைக்கும் வருகிறது. அடுத்த முறை பாடு முறை பேச ஊர்ப் பெரியவர்கள் கூடும்போது, தலித் மீனவர்களிலும் இருளர்களிலும் இருந்து ஆட்களை அழைத்து உட்கார வைக்க வேண்டும். அவர்களில் பெண்களும் இருக்க வேண்டும். எந்த இடம், எந்த நாள், எவ்வளவு என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு, உத்தப்புரத்தார் செய்தது போல ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்திட வேண்டும்.